எஞ்சிய குழம்புச் சோறு போதுமா? கேமரன் மலையில் நாயும் பூனையும் வளர்ப்போருக்கு

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது எங்கள் திரிங்காப். சாலையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், பூந்தோட்டங்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. இங்கே நாய் இல்லாத காய்கறித் தோட்டத்தைப் பார்ப்பது அரிது. பூனை இல்லாத வீடும் குறைவுதான். நாய் காவலுக்கு, பூனை எலிக்கு என்று வைத்துக்கொண்டாலும், நாளடைவில் இரண்டும் வீட்டுப் பிள்ளைகளாகி விடுகின்றன.

என் தாத்தாவும் பாட்டியும் தேயிலைக் கொழுந்து பறித்த தலைமுறை. அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார். நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் மொழி இடைநிலைப்பள்ளியில் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயிரியல் படிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஊரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வருகின்றன. "அக்கா, நாய் எதையோ தின்னுட்டு நடுங்குது, என்ன கொடுக்கலாம்?" "பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு, பனடோல் கொடுக்கலாமா?"

நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து பார்த்ததில் ஒன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவற்றில் பாதிக்கு மேல் கிருமியால் வந்த நோயைப் பற்றியவை அல்ல. நம் சமையலறையில், மருந்துப் பெட்டியில், தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் ஏதோ ஒன்று அந்த வாயில்லா ஜீவனின் வயிற்றுக்குள் போய்விட்டதைப் பற்றியவை. அவற்றைத் தடுக்க மருத்துவர் தேவையில்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். பல தோட்டத்து வீடுகளில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டு மாணவர்தான். ஆகவே இந்தக் கட்டுரை உங்களுக்காக.

சோற்றுத் தட்டில் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் நாய்க்கு உணவு என்றால் எஞ்சிய சோறும் குழம்பும்தான். சோறு கெடுதல் செய்யாது. சிக்கல் குழம்பில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கின்றன. இரத்தச்சோகை உண்டாகிறது. ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கறுத்துச் சிவந்து போகும். வேக வைத்தாலும் வறுத்தாலும் அந்த நச்சு போகாது. பூனைக்கு அதன் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும் என்கின்றன கால்நடை மருத்துவ நூல்கள். நாய்க்கு அந்த அளவு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம் என்றால், மூன்று நான்கு சின்ன வெங்காயம்தான். நம் ஒரு கரண்டிக் குழம்பில் எவ்வளவு வெங்காயம் கரைந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின், தேயிலையிலும் காப்பியிலும் உள்ள கஃபேன் ஆகியவை இதயத் துடிப்பையும் நரம்பையும் பாதிக்கும். எங்கள் மலையில் தேநீர் குடிக்காதவர் இல்லை. வடிகட்டிய தேயிலைச் சக்கையை நாய் கிளறும் இடத்தில் கொட்டாமல் இருப்பது நல்லது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

கோழி எலும்பு நாய்க்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கறியைக் கொடுத்துவிட்டு எலும்பைக் குப்பையில் போட்டு மூடி வையுங்கள்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? குழம்பு கூட்டுவதற்கு முன்பே, உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் கொஞ்சம் கோழியையோ மீனையோ தனியாக வேக வைத்து எடுத்துவிடுங்கள். முள் நீக்கிச் சோற்றுடன் பிசைந்து, வெந்த கேரட்டோ பூசணியோ சேர்த்துக் கொடுக்கலாம். கேரட்டுக்கும் பூசணிக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் சோறும் கறியும் மட்டுமே கொடுத்து நாய்க்குட்டியை வளர்க்க முடியாது. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டியின் எலும்பு வளைந்து, எளிதில் முறியும் நிலைக்கு வந்துவிடும். அதனால் ஒரு வயது வரையிலாவது குட்டிகளுக்கான முழுமையான உலர் உணவைச் சேர்த்துக் கொடுங்கள். பொட்டலத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூனை சின்ன நாய் இல்லை

நாயின் உணவையே பூனைக்கும் போடுவது பல வீடுகளில் வழக்கம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை நாயின் உடல் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுக் கண் தெரியாமல் போகும் என்பது 1970களில் தெரியவந்தது. இதயத் தசையும் தளர்ந்துபோகும் என்பதை 1987இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியோனும் குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதன் பிறகே பூனை உணவு நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின. நாய் உணவிலும் வெறும் சோற்றிலும் அந்த அளவு கிடைக்காது. பூனைக்குப் பூனை உணவு, அல்லது உணவில் பெரும்பகுதி மீன், கோழி, ஈரல் என்று இருக்க வேண்டும்.

பூனைக்குப் பால் பிடிக்கும் என்று கதைப் புத்தகங்களில் படித்திருப்போம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்குத்தான் மிச்சம். சுத்தமான தண்ணீர் போதும். அதுவும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் நன்றாகக் குடிக்கும்.

எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு சின்னக் கணக்கு

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கைக் கண்டு, 70ஆல் பெருக்க வேண்டும். அது ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவையான கிலோகலோரி. 0.75 அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். சாதாரணக் கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள். பிறகு வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்.

10 கிலோ நாய் என்று வைத்துக்கொள்வோம். 10 × 10 × 10 = 1000. ஒரு முறை வர்க்கமூலம் 31.62, இன்னொரு முறை 5.62. அதை 70ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 394. கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும். 630 கிலோகலோரி வருகிறது. 4 கிலோ பூனைக்கு: 4 × 4 × 4 = 64, வர்க்கமூலம் 8, மறுபடியும் 2.83. எழுபதால் பெருக்கினால் 198. கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு 1.2ஆல் பெருக்கினால் சுமார் 238. இதை உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் கலோரி அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிஸ்கட், நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து நாளொன்றின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

நாயை எப்படி எடை போடுவது என்று கேட்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் நாயின் எடை. மாதம் ஒரு முறை இதை நாட்காட்டியில் எழுதி வைத்தால், காரணமில்லாமல் எடை குறைவதை முதலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி பனடோல் பற்றியது. பனடோல் என்று நாம் சொல்லும் பாராசிட்டமோலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. நம் கல்லீரல் அந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றுகிறது. பூனையின் உடலில் அந்த வேலையைச் செய்யும் நொதி சரியாக இயங்குவதில்லை. வெளியேற முடியாத மருந்து நச்சாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்கிறது. ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

மூட்டு வலிக்குப் பாட்டி தேய்க்கும் தைலத்தையும் மறக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் இருக்கின்றன. பூனை உடம்பில் பட்டதை நக்கியே சுத்தம் செய்யும். அதனால் தோலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். சளி பிடித்த பூனைக்குத் தைலம் தடவுவது உதவி ஆகாது.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவதும் ஆபத்து. நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனைக்கு வலிப்பு வந்துவிடும். பொட்டலத்தில் பூனைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அதைப் பூனை பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பூவும் பூச்சிமருந்தும்

கேமரன் மலையில் வாழ்வதால் நமக்கென்று சில ஆபத்துகள் உண்டு. முதலாவது லில்லிப் பூ. பூந்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் விற்காமல் எஞ்சிய பூக்களை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். லில்லியின் இலை, இதழ், மகரந்தம், பூச்சாடியில் நின்ற தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் போதும். முதலில் வாந்தி, பிறகு சோர்வு. மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுபோகலாம். முதல் நாளுக்குள்ளேயே மருத்துவமனையில் சிரை வழியாகத் திரவம் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரக்கூடாது. ரோஜா கொண்டுவரலாம்.

இரண்டாவது நத்தை மருந்து. கோசுக்கும் சாலட்டுக்கும் நத்தைத் தொல்லை அதிகம். அதற்கு மெட்டால்டிஹைட் கலந்த சிறு உருண்டைகளைத் தூவுகிறார்கள். நத்தையைக் கவர அதில் தவிடு போன்றவற்றைச் சேர்ப்பதால் நாய்க்கும் அது தீனியாகத் தெரிகிறது. தின்ற ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். எங்கள் வீட்டு வரிசையில் மணி என்ற நாய் இப்படித்தான் ஒரு மாலையில் போனது. அது வாசலிலேயே படுத்திருக்கும் சாதுவான நாய். அன்று பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்தது. அது தின்றது என்ன என்று வீட்டார் கண்டுபிடிப்பதற்குள் இரவாகிவிட்டது.

மூன்றாவது பூச்சிக்கொல்லி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையில் வேலை செய்யும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வாயில் நுரையாக எச்சில் வழியும், கண்ணீர் வடியும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். மருந்து அடித்த தோட்டத்தில் அன்றைக்கு நாயை விடாதீர்கள். மருந்து அடித்துவிட்டு வந்த சட்டையின் மேல் பூனையைப் படுக்கவிடாதீர்கள். புட்டியில் 'ராச்சுன்' என்ற சொல்லும் மண்டையோட்டுப் படமும் இருந்தால் அதைத் தரையில் வைக்கக்கூடாது. மினரல் தண்ணீர் போத்தலில் பூச்சிமருந்தை ஊற்றி வைப்பது நாய்க்கு மட்டும் அல்ல, வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எலி மருந்தின் கதை

எலி மருந்தைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் வடிந்து இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அந்தப் புல்லிலிருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் அது எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. பிறகு மனிதர்களுக்கு இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆனது.

இந்த வகை எலி மருந்துகள் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கின்றன. உடலில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள்கள் தீரும்வரை ஒன்றும் தெரியாது. அதனால்தான் நாய் எலி மருந்தைத் தின்று இரண்டு நாள் நன்றாக ஓடியாடும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் மூக்கில் இரத்தம், கறுத்த மலம், மூச்சுத்திணறல் என்று வரும். "தின்னுச்சு, ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடக் கூடாது. இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. மருத்துவர் சொல்லும் வாரக்கணக்கில் அதைக் கொடுத்தால் நாய் பிழைத்துவிடும். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்து உண்டு. பூனை இருக்கும் வீட்டில் எலிக்கூடு வைப்பதே மேல்.

நச்சு உள்ளே போய்விட்டால்

உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், தேங்காய் எண்ணெய், பச்சை முட்டை என்று நம் பெரியவர்கள் பலவற்றை வாயில் ஊற்றுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கும் விலங்கின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். அதிக உப்பு தானே ஒரு நச்சு. மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செய்ய வேண்டியவை இவைதான்:

1. மீதி இருக்கும் பொருளை அது எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.
2. எப்போது, எவ்வளவு தின்றிருக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
3. பொட்டலத்தை, அல்லது அதன் லேபிளின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று மருந்தை முடிவு செய்ய மருத்துவருக்கு அதுதான் வேண்டும்.
4. தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவித் துவட்டுங்கள்.
5. கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அவசரம் என்றால் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. எந்த நாளில் எத்தனை மணிவரை எது திறந்திருக்கும் என்பதை இன்றே கேட்டு, எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மலைச்சாலை வளைவுகளில் விலங்குகள் வாந்தி எடுக்கும். வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது முதல் சில மணி நேரத்துக்கு உணவு கொடுக்காதீர்கள். பூனையைக் கூடையிலோ, காற்றோட்டமுள்ள பெட்டியிலோ வைத்தே கொண்டுபோங்கள்.

தடுப்பூசி எதற்கு?

தொலைவில் மருத்துவர் இருக்கும் ஊருக்குத் தடுப்பூசி இரட்டிப்பு அவசியம். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வார வயது ஆகும்வரை தொடர வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால் பயன் குறைவு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்து முழுமையாக வேலை செய்யாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

பார்வோ வைரஸ் 1978இல் உலகம் முழுவதும் நாய்களிடையே பரவியது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து குட்டிகள் சில நாள்களில் இறந்துவிடும். அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பார்வோவால் ஒரு குட்டி இறந்த வாசலுக்குத் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். குளோராக்ஸ் போன்ற பிளீச்சை 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்து சிமெண்டுத் தரையைக் கழுவலாம்.

வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், நமக்குத் தொலைவில் இருக்கும் நோய் அல்ல. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தென்பட்டது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பலி கொண்டது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ அனைவரும் இறந்துபோகும் நோய் இது. தெரியாத நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். லூயி பாஸ்டர் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டது 1885இல். அவர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள்தான் இன்று உலக ரேபிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எலிச் சிறுநீரால் பரவும் 'கெஞ்சிங் திக்குஸ்' நாயையும் தாக்கும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. நாய்க்கு இதற்கும் ஊசி உண்டு. கிளினிக்கில் கேட்டுப் போடுங்கள். நாய் உணவை இரவில் திறந்து வைக்காமல் இருந்தால் எலியும் வராது.

உண்ணி, சொறி, குளிர்

உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ நெருப்பு வைத்தோ எடுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய் பூசுவதை இன்னும் பார்க்கிறேன். அது தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நக்கினால் நுரையீரலும் கல்லீரலும் கெடும். சொறிக்கு இப்போது மாதம் ஒரு மாத்திரை போன்ற எளிய மருந்துகள் வந்துவிட்டன. மாட்டுக்கான ஊசி மருந்தைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவதும் வேண்டாம். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்துவிடும் மரபணுக் குறை உண்டு.

எங்கள் மலையில் இரவில் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் இறங்கும். மூன்று வாரம் ஆகாத குட்டிகளால் தம் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. சிமெண்டுத் தரையில் போடாமல், அட்டைப் பெட்டிக்குள் காய்ந்த சாக்கும் பழைய துணியும் விரித்து, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் ஊட்டாதீர்கள். முதலில் உடம்பு சூடாக வேண்டும், பிறகுதான் பால்.

ஈரமும் பனியும் நிறைந்த ஊரில் படர்தாமரை எளிதில் பரவும். பூனைக்குட்டியின் காதிலோ முகத்திலோ வட்டமாக முடி கொட்டியிருந்தால் தம்பி தங்கைகளைக் கட்டிப்பிடிக்க விடாதீர்கள். பூனை மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை, நோய் தரும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கருவுற்றிருக்கும் அக்காவோ அத்தையோ வீட்டில் இருந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

நலமாக இருக்கும்போதே நாயின் ஈற்றைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். இந்த இயல்பான நிலை தெரிந்திருந்தால்தான் மாற்றம் தெரியும். நாய், பூனையின் உடல் வெப்பம் நம்மைவிட அதிகம், ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி வரை. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்:

• ஆண் பூனை மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது. சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும்.
• பூனை இரண்டு நாளாக எதுவும் உண்ணாமல் இருப்பது. குண்டான பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.
• ஈறு வெள்ளை, நீலம் அல்லது பழுப்பாக மாறுவது.
• வலிப்பு, நிற்காத நடுக்கம்.
• வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவிப்பது.
• குட்டிக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு.

சங்கிலியும் சட்டமும்

நம் நாட்டில் விலங்கு நலச் சட்டம் 2015இல் நிறைவேறி, 1 ஜூலை 2017 முதல் நடப்பில் உள்ளது. வளர்ப்பவர் உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தர வேண்டும் என்பது அதில் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். குட்டையான சங்கிலியில் நாள் முழுக்க மழையிலும் வெயிலிலும் கட்டிப்போட்ட காவல் நாய்களை எங்கள் பகுதியில் பார்க்கிறேன். அப்படிக் கட்டிவைப்பதால் காவலும் கிடைக்காது. பயந்த நாய் குரைக்கும், கடிக்கும், அவ்வளவே.

கருத்தடையைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். பெண் நாய் சுமார் 63 நாளில் குட்டி ஈனும். பூனைக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். பூனை ஐந்து ஆறு மாத வயதிலேயே கருத்தரிக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஈனும். சாலையோரத்தில் பெட்டியில் வைத்து விட்டுப்போகும் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இதுவே விடை. நம் அண்டை வீட்டில் முஸ்லிம் குடும்பங்கள் இருப்பார்கள். நாயின் எச்சில் அவர்களுக்குச் சிரமம் தரும். நாயை வேலிக்குள் வைத்து, வெளியே போகும்போது வார் போட்டுக் கூட்டிப்போவது நல்லுறவுக்கும் உதவும், நாய்க்கும் பாதுகாப்பு.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாளுக்கு ஒரு ரிங்கிட்டை டின்னில் போட்டு வந்தால் ஆண்டு முடிவில் 365 ரிங்கிட் இருக்கும். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் அது பெரிய துணை. செலவே இல்லாத வேலைகளும் உண்டு. இந்த வார இறுதியில் மூன்றை மட்டும் செய்யுங்கள். நாயின் தட்டிலிருந்து குழம்பை எடுத்துவிடுங்கள். வீட்டிலும் கொட்டகையிலும் 'ராச்சுன்' என்று எழுதியிருக்கும் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து உயரமான, பூட்டிய அலமாரியில் வையுங்கள். கிளினிக் எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டுங்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதுங்கள். நீங்கள் பள்ளிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போயிருக்கும் நாளில் அதைப் படிக்கப்போவது உங்கள் பாட்டிதான்.